7 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க முடியவில்லை: திரும்பி வருவது நோயா, மாத்திரை குறைந்ததால் வரும் வலியா?

வாசகி64 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 64. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போன ஆண்டுக் கடைசியில் எனக்குப் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற, தோளும் இடுப்பும் இறுகிப்போகும் வாத நோய் என்று கண்டுபிடித்தார்கள். இங்கே எல்லோரும் பி.எம்.ஆர். என்று சுருக்கமாக எழுதுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு தோள்களும் பிடித்துக்கொண்டன. பிறகு இடுப்பு, தொடை. இரவில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் திரும்பக் கட்டிலின் விளிம்பைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. தலை சீவும்போது வலது முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டுதான் சீப்பைத் தூக்குவேன். காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரத்துக்கு உடம்பு வளையாது, அப்புறம் மெல்ல மெல்ல இளகும். வேலை பார்த்த காலமெல்லாம் மேல் தட்டில் புத்தகம் அடுக்கியவள் நான். தோள் உயரத்துக்குக் கை போகவில்லை என்றபோது பயந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் எண்களான இ.எஸ்.ஆர். 78, சி.ஆர்.பி. 42.

வாத நோய் மருத்துவர் 15 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் ஆரம்பித்தார். மூன்றாம் நாள் கண் விழித்தபோது சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தேன். படுக்கும்போது இந்தப் பக்கம் பார்த்தல்லவா படுத்தோம் என்று யோசித்த பிறகுதான், தூக்கத்திலேயே புரண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. அந்தக் காலையை மறக்க முடியாது.

அதன் பிறகு 12.5, 10 என்று சிக்கல் இல்லாமல் இறங்கினேன். 10-க்குப் பிறகு மாதம் ஒரு மில்லிகிராம் குறைக்கச் சொன்னார். 9, 8, 7 வரை நன்றாகவே போனது. 6-க்கு வந்ததும் நின்றுவிட்டது. குறைத்த சில நாட்களுக்குள் உடம்பெல்லாம் வலி. கெண்டைக்கால், மணிக்கட்டு, முதுகு என்று இடம் மாறி மாறி வலிக்கிறது. மத்தியானம் ஆனால் கை கால் துவண்டுவிடும். காரணமில்லாமல் கண் கலங்கும். லேசான குமட்டலும் உண்டு. மருத்துவரிடம் சொல்லி 8-க்கு ஏறினேன், சரியானது. மறுபடி 7-க்கு வந்தேன், அதுவும் சரி. மறுபடி 6, மறுபடி அதே கதை. இப்போது 7-ல் நிற்கிறேன்.

என் மருத்துவர் நல்லவர், ஆனால் அவருக்கு நேரம் குறைவு. "அடுத்த முறை வரும்போது 5-ல் இருக்கப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானும் மாத்திரையை விட்டுவிடத்தான் ஆசைப்படுகிறேன். முகம் உப்பியிருக்கிறது, கையில் லேசாக இடித்தாலே தோலடியில் ரத்தம் கட்டிக்கொள்கிறது, தூக்கம் சரியில்லை. எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும், வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட்டும் எடுக்கிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். 6-ல் வருவது பி.எம்.ஆர். திரும்புவதா, அல்லது ஸ்டீராய்டு குறைந்ததற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பா? இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இந்த இடத்தைத் தாண்டி வந்தவர்கள் எப்படிக் குறைத்தீர்கள்? மருத்துவரிடம் போய்க் கேட்கும்போது கையில் தெளிவான விவரம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன். யாரும் எனக்கு மருந்து எழுதித் தர வேண்டாம்.

நிதானம் எழுதியது:

சகோதரி, நான்கு ஆண்டுகளாகப் பி.எம்.ஆருடன் இருப்பவன் நான். இப்போது 2.5-ல் இருக்கிறேன். நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் வெகுநாள் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் கேட்ட வித்தியாசம். நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

எப்போது ஆரம்பித்தது என்பது முதல் துப்பு. டோஸ் குறைத்த இரண்டு மூன்று நாட்களில் வலி வந்து, அதே டோஸில் நின்றால் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகத் தணிகிறது என்றால் அது பெரும்பாலும் மருந்து விலகலின் வலி. நோய் திரும்புவது அப்படி வராது. முதல் வாரம் ஒன்றும் தெரியாது. முந்தைய டோஸில் அடங்கியிருந்த அழற்சி மெல்லத் தலைதூக்கி, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும். தணியவே தணியாது.

அடுத்தது இடம். நோய் என்றால் பழைய இடத்துக்குத்தான் வரும்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, தொடை, சிலருக்குக் கழுத்து. நீங்கள் சொல்லும் கெண்டைக்கால், மணிக்கட்டு, இடம் மாறும் வலி, அதோடு துவண்டு போவது, கண் கலங்குவது, குமட்டல் எல்லாம் சேர்ந்து வருவது எனக்கு விலகல் வலி போலத்தான் தெரிகிறது. ஆனால் பி.எம்.ஆரிலும் சிலருக்கு மணிக்கட்டும் கையும் வீங்குவது உண்டு. அதனால் இடத்தை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட நம்பகமானது. காலை இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது? படுக்கையை விட்டு எழுந்த நேரத்தையும், கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்க முடிந்த நேரத்தையும் தினமும் குறித்து வையுங்கள். அந்த இடைவெளி 15 நிமிடத்திலேயே நிற்கிறதா, 20, 35, 50 என்று நீள்கிறதா? நீண்டால் அது நோய். வலி எத்தனை மார்க் என்று எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனம் சோர்ந்த நாளில் 4 கூட 7 ஆகத் தெரியும். கடிகாரம் அப்படி மாறாது.

கடைசியாக ரத்தம். வலி இருக்கும்போதே இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் எடுக்க வேண்டும். டோஸை ஏற்றிய பிறகு எடுத்தால் எண் இறங்கித்தான் இருக்கும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதேபோல் எண் ஏறவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சளிக் காய்ச்சலுக்கும் சி.ஆர்.பி. ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனிக் குறைக்கும் கணக்கு. மாதம் 1 மில்லிகிராம் என்பது நம் மருத்துவர்கள் தாங்களாக வைத்த வேகம் இல்லை. ஐரோப்பிய, அமெரிக்க வாத நோய் அமைப்புகள் சேர்ந்து 2015-ல் கொடுத்த பரிந்துரையே அப்படித்தான் இருக்கிறது: 12.5-க்கும் 25-க்கும் இடையில் ஆரம்பி, 4 முதல் 8 வாரத்தில் 10-க்குக் கொண்டு வா, பிறகு 4 வாரத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் குறை. நோய் திரும்பினால், அடங்கியிருந்த பழைய டோஸுக்கு ஏறி, 4 முதல் 8 வாரத்துக்குள் திரும்பிய இடத்துக்கு இறங்கு. நல்ல பரிந்துரைதான். பலருக்கு ஒத்து வருகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 15-லிருந்து 14-க்கு இறங்கும்போது உடம்பு இழப்பது நூற்றுக்கு 7 பங்குகூட இல்லை. 7-லிருந்து 6-க்கு வரும்போது 14 பங்கு. 3-லிருந்து 2 என்றால் மூன்றில் ஒரு பங்கே போய்விடுகிறது. அதே ஒரு மில்லிகிராம், கீழே போகப் போக இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு பெரிய அடியாக விழுகிறது. மாடிப்படியில் கடைசிப் படிகள் மட்டும் உயரமாகக் கட்டியது போல. அதனால்தான் 10 வரை ஓடி வந்தவர்கள் 7-க்குக் கீழே தடுமாறுகிறார்கள். ஒரு அடி முடிந்தவரை பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். 10-க்குக் கீழே அரை மில்லிகிராம்தான்.

அந்த அரையைக்கூட நான் ஒரே நாளில் குறைப்பதில்லை. என் மருத்துவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு, இப்படிச் செய்கிறேன். 7-லிருந்து 6.5 என்று வையுங்கள். முதல் வாரம் ஒரே ஒரு நாள் 6.5, மற்ற நாள் 7. அடுத்த வாரம் இரண்டு நாள், அவை அடுத்தடுத்து வராமல். அதற்கடுத்த வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு 7 விருந்தாளியாகி, கடைசியில் அதுவும் போய்விடும். ஒரு அரை மில்லிகிராமுக்கு ஐந்தாறு வாரம் ஆகும். புது டோஸில் முழுதாக நின்ற பிறகு இரண்டு வாரம் சும்மா இருப்பேன். எங்காவது காலை இறுக்கம் நீண்டால், முந்தைய வாரத்துக்குப் போய் அங்கேயே நிற்பேன்.

மெதுவாக இருக்கிறதே என்று தோன்றும். 6-க்கு இறங்கி, 8-க்கு ஏறி, மறுபடி 6 என்று போய் வந்தால் அதைவிட அதிக மாதம் ஆகும், மாத்திரையும் அதிகம் உள்ளே போகும். ஒரே ஒரு எச்சரிக்கை: குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சு பூசிய மாத்திரையை உடைக்கக் கூடாது. பூச்சு இல்லாத 1 மில்லிகிராம் மாத்திரை இருக்கிறது, அதைத்தான் பாதியாக்கலாம். மருந்தாளரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "5-ல் இருக்கப் பாருங்கள்" என்று மருத்துவர் சொன்னதை ஒரு கெடுவாக மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டீராய்டு இந்த நோயைத் தீர்ப்பதில்லை. அது தானாக அடங்கும்வரை அழற்சியைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். நாம் தேடுவது நோயைப் பிடித்து வைக்கப் போதுமான மிகக் குறைந்த டோஸ். அது இந்த மாதம் 6.5 ஆக இருந்தால் 6.5 தான். நோய் தணியத் தணியத் தேவையும் குறையும். இரண்டு ஆண்டில் முடித்தவர்களும் உண்டு, என்னைப் போல நீண்டவர்களும் நிறையப் பேர் உண்டு.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

அக்கா, நிதானம் ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். அவர் தொடாத ஒரு பகுதியைச் சொல்கிறேன், ஏனென்றால் 7-க்குக் கீழே போகிறவர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

நம் சிறுநீரகங்களுக்கு மேலே அட்ரினல் என்று இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பு தானே செய்துகொள்ளும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் அங்கேதான் சுரக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுரக்கும் கார்ட்டிசாலை பிரெட்னிசோலோன் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 4 முதல் 6 மில்லிகிராம். வெளியிலிருந்து அதற்கு மேல் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் மூளையிலிருந்து சுரப்பிக்குப் போகும் ஆணை நின்றுவிடும், சுரப்பியும் சோம்பிவிடும். 15, 10 என்று இருக்கும்போது இது வெளியே தெரியாது, மாத்திரையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். 5-ஐ ஒட்டி வரும்போதுதான் மீதியை உடம்பு தானே செய்ய வேண்டிய நிலை. அது விழித்துக்கொள்ள வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

7-லும் 6-லும் நீங்கள் இன்னும் அந்த அளவுக்குக் குறையாமல்தான் இருக்கிறீர்கள். அப்படியென்றால் ஏன் துவண்டு போகிறது என்று கேட்பீர்கள். பெரிய டோஸுக்குப் பழகிய உடம்பு, தேவையான அளவு கிடைத்தாலும் குறைந்த வேகத்தைப் பார்த்தே இப்படிக் காட்டும். வலி, அசதி, மனச்சோர்வு, குமட்டல் எல்லாம் வரும். கற்பனை இல்லை, உண்மையான வலிதான். இதற்குப் பலருக்குப் பாராசிட்டமால் கொஞ்சம் கேட்கும். பி.எம்.ஆர். வலிக்கு அது அநேகமாக ஒன்றும் செய்யாது. அதையும் ஒரு துப்பாகக் குறித்து வையுங்கள். டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகளை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் ஆபத்து கூடும்.

எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, பசியே இல்லை, எடை இறங்குகிறது, ரத்த அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது என்றால் சுரப்பி ஈடுகொடுக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். "பொறுத்துப் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது.

இப்போது நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று. காய்ச்சல் வந்தால், வயிற்றுப்போக்கு வந்தால், அறுவை சிகிச்சை வந்தால் உடம்புக்கு அதிகக் கார்ட்டிசால் தேவைப்படும், உங்கள் சுரப்பியால் கொடுக்க முடியாது. எவ்வளவு கூட்டுவது, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் நன்றாக இருக்கும்போதே எழுதி வாங்கி வையுங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போய் "நான் நீண்டநாளாக ஸ்டீராய்டு எடுக்கிறேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போடுவார்கள். அந்த ஊசி தாமதமானால் உயிருக்கே ஆபத்து. ஒரு அட்டையில் மருந்தின் பெயர், டோஸ், எப்போதிலிருந்து எடுக்கிறீர்கள் என்று எழுதிப் பணப்பையில் வையுங்கள். வார்டில் வேலை பார்த்தபோது, மயங்கி வருகிறவரின் பையில் அப்படி ஒரு அட்டை கிடைத்துவிட்டால் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குத்தான் தெரியும். பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அலெண்ட்ரோனேட் எடுப்பதால் பல் பிடுங்கும் முன் அதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று அதைவிட அவசரமானது. பி.எம்.ஆர். உள்ள சிலருக்குத் தலையின் ரத்தக் குழாய்களிலும் அழற்சி வரும். ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்று பெயர். டோஸ் குறைக்கும் காலத்திலும் வரலாம். நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, சீப்புப் பட்டாலே தலைத்தோல் வலிப்பது, உணவை மெல்லும்போது தாடை வலித்து நிறுத்தினால் விடுவது, பார்வை மங்குவது அல்லது இரட்டையாகத் தெரிவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பார்வையில் மாற்றம் என்றால் அந்த மணி நேரமே. போன பார்வை திரும்பி வராது. 40, 60 மில்லிகிராம் என்று பெரிய டோஸ் உடனே தேவைப்படும் நிலை அது.

அப்பாவுக்காக எழுதியது:

அம்மா, என் அப்பாவுக்குப் பி.எம்.ஆரோடு சர்க்கரை நோயும் உண்டு. மாத்திரைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று எழுதவில்லை. காலையில் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு மத்தியானத்துக்குப் பிறகும் மாலையிலும்தான் சர்க்கரை ஏறும், வெறும் வயிற்றில் எடுத்தால் நார்மலாகக் காட்டும். அப்பாவுக்கு வெறும் வயிற்று எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு வெகுநாள் நிம்மதியாக இருந்தோம். மாலையில் எடுத்துப் பார்க்கச் சொன்னது எங்கள் மருந்தாளர். ஸ்டீராய்டு குறையும்போது சர்க்கரை மருந்தையும் சேர்த்துக் குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அதனால் ஒவ்வொரு முறை டோஸ் இறங்கும்போதும் அந்த வாரம் அடிக்கடி பார்க்கிறோம்.

அடுத்தது, அப்பாவாலும் 7-க்குக் கீழே போக முடியவில்லை. அவருக்கு ஒவ்வொரு முறையும் தோள்தான், சி.ஆர்.பி.யும் ஏறியது. அதாவது நோயேதான். மெதுவாகக் குறைத்தும் கேட்கவில்லை. அப்போது மெத்தோட்ரெக்ஸேட் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்தார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் எடுப்பது, தினமும் எடுத்துவிட்டால் பெரிய ஆபத்து. அதனால் கிழமையைப் பெட்டியின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். ஃபோலிக் ஆசிட் கூடவே உண்டு, ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் பிடித்தது, இப்போது 5-ல் நிலையாக இருக்கிறார். ஸ்டீராய்டைக் குறைக்க முடியாதவர்களுக்கென்று சாரிலுமாப் என்ற ஊசிக்கும் அமெரிக்காவில் 2023-ல் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு இதெல்லாம் தேவைப்படாமலே போகலாம். ஆனால் இறங்க முடியவில்லை என்றால் வேறு வழி உண்டு என்று தெரிந்திருந்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும்.

கண் கலங்குவதாக எழுதியிருந்தீர்கள். அப்பாவும் அப்படித்தான். சின்னச் சத்தத்துக்கும் கோபம் வரும், அரை மணி கழித்து அழுவார். டோஸ் ஒரு இடத்தில் நிலைத்ததும் பழைய அப்பாவாகிவிடுவார். வீட்டில் இருப்பவர்களிடம் "இந்த வாரம் குறைக்கிறேன்" என்று முன்னமே சொல்லி வையுங்கள் அம்மா. எங்களுக்கு அது பெரிய வித்தியாசத்தைக் கொடுத்தது.

வாசகி64 எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்குச் சர்க்கரை இல்லை, ஆனால் மாலையில் எடுத்துப் பார்த்ததும் இல்லை. பார்க்கிறேன்.

நிதானம் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நூலகப் பழக்கம், எதையும் தேதி போட்டு எழுதி வைப்பேன். 6-க்கு இறங்கிய இரண்டு முறையும் வலி அந்த வாரத்துக்குள்ளேயே தொடங்கியிருக்கிறது. "தோள்" என்ற சொல்லே அந்தப் பக்கங்களில் இல்லை. கெண்டைக்கால், மணிக்கட்டு, "மத்தியானம் படுத்துவிட்டேன்" என்றுதான் வரிக்கு வரி வருகிறது. தலை வாரியதைப் பற்றி ஒரு குறைகூட எழுதவில்லை. சி.ஆர்.பி. எடுத்தது 8-க்கு ஏறிய பிறகு, அப்போது 4 இருந்தது. அதை வைத்துச் சொல்ல ஒன்றுமில்லை என்று இப்போது புரிகிறது.

மருத்துவரிடம் நான் கேட்கப்போவது: 7-லிருந்து 6.5, ஐயா சொன்ன மாதிரி வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆரம்பித்து. வலி நீண்டால் டோஸை ஏற்றுவதற்கு முன்பே ரத்தம் எடுக்க ஒரு சீட்டு. காய்ச்சலுக்கு எவ்வளவு கூட்டுவது என்று எழுத்தில். அட்டை இன்றைக்கே எழுதிப் பையில் வைத்துவிட்டேன்.

செவிலித் தங்கைக்கு ஒரு கேள்வி. சுரப்பி விழித்ததா என்று பார்க்கக் கார்ட்டிசால் பரிசோதனை இருக்கிறது என்கிறார்களே, அதை இப்போதே எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா? எடுக்கும் நாளில் மாத்திரை போடலாமா?

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

இப்போது வேண்டாம் அக்கா. 7-ல் இருக்கும்போது எடுத்தால் குறைவாகத்தான் காட்டும், உங்களுக்கு வீண் கவலை. 5-க்கு வந்து, நோயும் அடங்கி, சில வாரம் அங்கே நின்ற பிறகு கேளுங்கள்.

காலை 8-லிருந்து 9 மணிக்குள் எடுப்பது நல்லது, கார்ட்டிசால் இயல்பாகவே உச்சத்தில் இருக்கும் நேரம் அது. முதல் நாள் காலையில் வழக்கம்போல் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனை நாளில் ரத்தம் கொடுக்கும்வரை போடக் கூடாது, பிரெட்னிசோலோனையே சில கருவிகள் கார்ட்டிசால் என்று எண்ணிவிடும். மாத்திரையைக் கையோடு கொண்டு போய், ஊசி எடுத்ததும் அங்கேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து போடலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

எண் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல், அதாவது வேறு அளவையில் லிட்டருக்கு 300 நானோமோலுக்கு மேல் இருந்தால் சுரப்பி தயார் என்று எடுத்துக்கொள்வார்கள். 5 மைக்ரோகிராமுக்குக் கீழே, அதாவது 150 நானோமோலுக்குக் கீழே என்றால் இன்னும் தூங்குகிறது, அதே டோஸில் நின்று சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இடையில் வந்தால் டோஸை மாற்றாமல் சில வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள், அல்லது ஊசி போட்டுச் சுரப்பியைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. தோளிலோ இடுப்பிலோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு எடுத்தாலும் எண் மாறும். அதையும் சொல்லிவிடுங்கள்.